எட்டாவது சர்வர்

(கணினித் துறை மாணவர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் நைட் காபிட்டல் என்றொரு பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்டு 1ஆம் தேதி காலை, நியூயார்க் பங்குச் சந்தை திறந்த சுமார் 45 நிமிஷங்களுக்குள் அந்த நிறுவனம் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அன்று சந்தை சரியவுமில்லை, எவரும் மோசடி செய்யவுமில்லை. வாடிக்கையாளர்களின் உத்தரவுகளைப் பிரித்துப் பல சந்தைகளுக்கும் அனுப்புகிற அவர்களுடைய மென்பொருள் எட்டு சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. சந்தையில் அன்று தொடங்கவிருந்த ஒரு புதுத் திட்டத்துக்கென்று எழுதிய நிரலை, ஜூலை 27 முதல் படிப்படியாக அந்த எட்டிலும் ஏற்றும் பொறுப்பு ஓர் ஊழியரிடம் இருந்தது. ஏழில் ஏறிய அந்த நிரல் எட்டாவதில் ஏறாமல் நின்றுவிட்டது.

எட்டாவதில் இருந்த பழைய நிரலில், 2003ஆம் வருஷத்தோடு உபயோகத்திலிருந்து நீங்கிவிட்ட ‘பவர் பெக்’ என்னும் பகுதி அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய நிரலை எழுதியவர்களோ, அந்தப் பழைய பகுதியை முன்பு எழுப்பிவந்த அடையாளக் குறியையே தங்கள் புதிய காரியத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே சந்தை திறந்து அந்தக் குறியுடன் உத்தரவுகள் வரத் தொடங்கியதும், ஏழு சர்வர்கள் புதிய வேலையைச் செய்ய, எட்டாவது மட்டும் ஒன்பது வருஷ உறக்கத்திலிருந்து விழித்து, வாங்கியது போதும் என்று நிறுத்தத் தெரியாமல் உத்தரவுகளை வெளியே தள்ளிக்கொண்டேயிருந்தது. வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தவை 212 உத்தரவுகள். நடந்து முடிந்த பரிவர்த்தனைகள் 40 லட்சத்துக்கு மேல். கைமாறிய பங்குகள் 39.7 கோடிக்கு மேல். சந்தை திறப்பதற்கு முன்பே, காலை 8 மணியிலிருந்து, ‘பவர் பெக்’ என்ற பெயரைத் தாங்கிய 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குச் சென்றிருந்தும் அவற்றை எச்சரிக்கையாக எவரும் கொள்ளவில்லை.

இதை விசாரித்த அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்ததோடு, ஏற்றிய வேலையை இரண்டாவது ஒருவர் சரிபார்க்கவில்லை என்பதையும், சரிபார்க்க வேண்டுமென்று எழுத்தில் விதி ஏதும் அங்கே இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்திருக்கிறது. அந்த உத்தரவில் என் மனத்தை மிகவும் வாட்டிய இடம் வேறொன்று. நெருப்புப் பற்றி எரிகிற அந்த நிமிஷங்களில், காரணம் விளங்காமல் தவித்த பொறியாளர்கள், சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அதாவது, கெட்டுப்போன ஒன்றைப் போலவே மற்ற ஏழையும் ஆக்கினார்கள். விபரீதம் பன்மடங்காயிற்று. அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். எட்டு சர்வர்களிலும் இந்தக் கணத்தில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடிய ஏடு ஒன்று அவர்கள் கையில் இல்லை. இன்று நான் பேச வந்தது அந்த ஏட்டைப் பற்றித்தான்.

மென்பொருளைக் கையால் சர்வர்களில் ஏற்றும் வழக்கம் இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஒவ்வொரு சர்வரிலும் ஏஜெண்ட் என்ற சிறு நிரல் ஒன்று குடியிருக்கும். நடுவிலுள்ள தலைமை சர்வர் உத்தரவிட்டதும், அது புதிய பதிப்பைப் பெற்று, உரிய இடத்தில் விரித்து, பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்கி, நடந்ததைத் திருப்பிச் சொல்லும். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து நிறுவனம் ஒன்றின் ஆக்கமான ஆக்டோபஸ் டெப்ளாய் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் ஏஜெண்டுக்கு டென்டக்கிள் என்று பெயர். அமேசானின் கோட்டெப்ளாய், மைக்ரோசாஃப்டின் அஷூர் பைப்லைன்ஸ், ஜென்கின்ஸ் ஆகியவற்றுக்கும் அவ்வாறே ஏஜெண்டுகள் உண்டு. டென்டக்கிள் எனக்கு நன்றாகப் பழக்கமான பிராணி என்பதால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஆயிரம் முறை நடக்கும் ஏற்றுதலையெல்லாம் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டவர்கள்கூட, அந்த ஏஜெண்டைச் சர்வரில் முதன்முதலாக நிறுவுகிற வேலையை மட்டும் கையாலேயே செய்துகொண்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே நுழைய வேண்டும். நிறுவல் கோப்பை இறக்க வேண்டும். ‘நெக்ஸ்ட்’ என்ற பொத்தானைத் தொடர்ந்து அழுத்த வேண்டும். 10933 என்ற போர்ட்டைக் குறித்து ஃபயர்வாலில் அதற்கு வழிவிட வேண்டும். தலைமை சர்வருடைய சர்டிபிகேட்டின் தம்ப்பிரின்ட் எனப்படும் நீண்ட எழுத்து வரிசையைப் பிசகின்றி ஒட்ட வேண்டும். பின்பு தலைமை சர்வருக்குச் சென்று, இந்த இயந்திரம் பரிசோதனைக்குரியதா, பொதுமக்கள் உபயோகத்துக்குரியதா, இணையதளத்தைத் தாங்குவதா, தரவுத்தளத்தைத் தாங்குவதா என்று பதிய வேண்டும். ஒரு சர்வருக்கு அரை மணி நேர வேலை, கஷ்டமான வேலையுமல்ல. ஆனால் இருபதாவது சர்வரில் அந்தக் கை களைத்திருக்கும். பதினோராவது சர்வரில் ஃபயர்வால் விதியை விட்டுவிட்ட செய்தி அன்றைக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து, அவசரமான ஒரு பதிப்பை இரவில் ஏற்றும்போதுதான் தெரியும். ஏற்றுகிற கருவியே ஏறாத இடத்தில் மற்றவை எவ்வாறு ஏறும்?

இதற்கு முதலில் எல்லோரும் கண்ட பரிகாரம், செய்கிற படிகளை வரிசையாக எழுதி ஒரு ஸ்கிரிப்ட் ஆக்குவது. இறக்கு, நிறுவு, திற, பதி என்று அது சொல்லும். புத்தம் புதிய சர்வரில் அது நன்றாகவே ஓடும். பாதி வேலை நடந்து நின்றுபோன சர்வரில் மறுபடி ஓட்டினால், ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று முதற் படியிலேயே முரண்டு பிடித்து நிற்கும், அல்லது அதைவிட மோசமாக, இருப்பதன்மேல் இன்னொன்றைப் பதித்து இரட்டிப்பாக்கும். ஏனென்றால் அது காரியங்களின் கிரமத்தை அறியுமே ஒழிய, காரியம் முடிந்தபின் இருக்க வேண்டிய நிலையை அறியாது.

நிலையைச் சொல்லி, வழியைப் பொறுப்பாளியிடம் விட்டுவிடும் முறை நமக்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு 96 ஆடுகளை வைத்த தர்மங்கள் எத்தனையோ காணப்படுகின்றன. அந்த ஆடுகளைச் சாவாதவை, மூவாதவை என்றே கல்வெட்டு குறிக்கும். ஆடு சாகாமலிருக்குமா? கிழடானதும் செத்ததும் கழிய, பிறந்த குட்டிகளால் தொகையை நிரப்பி 96 என்ற கணக்கைக் குறையாமல் வைத்திருப்பதும், நாள்தோறும் அளந்த நெய்யைக் கோயிலில் சேர்ப்பதும் அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையரின் கடமை. எந்த மேட்டில் மேய்க்க வேண்டும், எப்போது கறக்க வேண்டும் என்பவற்றைக் கல்வெட்டு பேசுவதில்லை. விளக்கு எரிய வேண்டும், தொகை குறையக் கூடாது. இவ்வளவே அதன் வாசகம்.

கணினி நிர்வாகத்தில் இந்த எண்ணத்தைச் சித்தாந்தமாகவே வளர்த்தவர் மார்க் பர்ஜெஸ். 1993இல் நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில், பௌதிக ஆராய்ச்சியில் இருந்த அவர், பல ரகமான யூனிக்ஸ் இயந்திரங்களைக் கட்டி மேய்க்கும் தொல்லைக்குத் தீர்வாக ‘சிஎஃப்எஞ்சின்’ என்ற கருவியை இயற்றினார். இயந்திரம் எந்த நிலையில் தொடங்கினாலும், கருவியை மீண்டும் மீண்டும் ஓட்ட ஓட்ட, அது விரும்பிய நிலையை நோக்கி நெருங்கி, அடைந்தபின் அங்கேயே நிற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 2005இல் பப்பெட்டும், 2009இல் செஃபும், 2012இல் ஆன்சிபிளும் அவ்வழியில் வந்தவை. விண்டோஸ் உலகத்துக்கு இது சற்றுத் தாமதித்தே வந்தது. ஜெஃப்ரி ஸ்னோவர் 2002இல் எழுதிய ‘மோனாட்’ அறிக்கையிலிருந்து பவர்ஷெல் பிறந்தது 2006இல். அதன் நான்காம் பதிப்போடு 2013இல் ‘டிசையர்டு ஸ்டேட் கான்ஃபிகரேஷன்’, சுருக்கமாக டிஎஸ்சி, சேர்ந்தது.

இனி, டென்டக்கிளை நிறுவும் டிஎஸ்சி ஸ்கிரிப்ட் ஒன்றை அருகில் சென்று பார்ப்போம். அது இருபது வரிக்கு மேற்படாது. அதில் ‘நிறுவு’ என்ற ஏவல் எங்குமே இல்லை. ‘என்ஷூர்’ என்ற இடத்தில் ‘பிரசென்ட்’ என்றும், ‘ஸ்டேட்’ என்ற இடத்தில் ‘ஸ்டார்ட்டட்’ என்றும் எழுதியிருக்கும். அதாவது, ஏஜெண்ட் இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் இன்னது, தலைமை சர்வரின் முகவரி இன்னது, கேட்கும் போர்ட் 10933, மென்பொருள்கள் விரிய வேண்டிய அடைவு இன்னது, சேர்ந்த சூழல் இன்னது, ஏற்ற ரோல் இன்னது. கணினி கற்காத மேலாளர் ஒருவர் இதைப் படித்து, ‘இந்த இயந்திரத்தை ஏன் பொதுமக்கள் சூழலில் சேர்த்திருக்கிறீர்கள்?’ என்று கேட்க முடியும்; அந்தக் கேள்வியை, நிறுவுவதற்கு முன்பே, எழுத்தில் இருக்கும்போதே கேட்க முடியும். இந்த முறையின் பலன்களிலெல்லாம் தலையாயது இதுவே என்பது என் அபிப்பிராயம். நேரம் மிச்சமாகிறது என்று விளம்பரங்கள் சொல்வது உண்மைதான். ஆயினும் அது எனக்குச் சிறிய பலனாகவே தோன்றுகிறது.

அந்த ஸ்கிரிப்ட், ‘மாஃப்’ என்ற வடிவில் ஓர் ஆவணமாக மாறிச் சர்வருக்குச் செல்கிறது. அங்கே லோக்கல் கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்ற பொறுப்பாளி அதைப் பெற்றுக்கொள்கிறது. ஏஜெண்டை நிறுவ இன்னொரு ஏஜெண்ட், அதை நிறுவ வேறொன்று என்று முடிவில்லாமல் போகாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை: விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 முதல் இந்தப் பொறுப்பாளி இயங்குதளத்தோடேயே வருகிறது. லினக்ஸில் ஆன்சிபிள், அநேகமாக எங்கும் இருக்கும் எஸ்எஸ்எச்சையும் பைத்தானையும் நம்பி அதே விடையைச் சொல்கிறது.

பொறுப்பாளி செய்யும் வேலை ‘டெஸ்ட்’, ‘செட்’ என்ற இரண்டு சொற்களில் அடங்கும். முதலில் சோதிப்பது, எழுதிய நிலையும் இருக்கும் நிலையும் ஒத்திருந்தால் கையை வைக்காமல் விலகுவது, ஒவ்வாவிட்டால் மட்டும் மாற்றுவது. ஸ்கிரிப்டை நூறு முறை ஓட்டினாலும் பாதகமில்லை என்ற தைரியம் இந்த முதற் சோதனையிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே, இத்தகைய ஸ்கிரிப்டுகளுக்கான உறுப்புகளை எழுத விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்வது: உங்கள் உழைப்பில் பெரும் பகுதியை ‘டெஸ்ட்’டுக்குச் செலவிடுங்கள்.

ஏஜெண்ட் ‘இருக்கிறது’ என்றால் எது இருக்கிறது? நிறுவல் கோப்பின் பண்டங்கள் வட்டில் விரிந்திருக்க வேண்டும். அதற்கெனத் தனி சர்டிபிகேட் ஒன்று உண்டாகியிருக்க வேண்டும். தலைமை சர்வரின் தம்ப்பிரின்டை அது நம்ப வேண்டும். தலைமை சர்வரும் அதன் தம்ப்பிரின்டை அறிந்திருக்க வேண்டும். போர்ட் திறந்திருக்க வேண்டும். விண்டோஸ் சர்வீஸ் ஓட வேண்டும். இவற்றில் மற்றவையெல்லாம் நடந்து, தலைமை சர்வரில் பதிவது மட்டும், அந்த ஒரு வினாடி வலைத்தொடர்பு அறுந்ததால் தவறிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மறுமுறை ஸ்கிரிப்ட் ஓடும்போது, ‘சர்வீஸ் இருக்கிறதா?’ என்று மட்டும் பார்க்கும் சோம்பேறிச் சோதனை, ‘எல்லாம் க்ஷேமம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். சர்வரில் ஏஜெண்ட் உண்டு. தலைமைக்கு அதைத் தெரியாது. அடுத்த பதிப்பு எல்லாச் சர்வர்களுக்கும் போயிற்று என்று திரையில் பச்சை நிறம் காட்டும்போது, இந்தச் சர்வர் அந்த ‘எல்லா’வில் சேர்ந்திருக்காது. நைட் காபிட்டலின் எட்டாவது சர்வர் இவ்வாறுதான் மறுபிறவி எடுக்கும். அதனால், சோதனை தலைமை சர்வரையும் கேட்டுவிட்டே திரும்ப வேண்டும்.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்வர்களை ஒவ்வொன்றாக அமைக்காமல், ஒன்றைச் செப்பமாக அமைத்து, அதன் பிம்பத்தை எடுத்துப் பத்துப் பிரதிகள் செய்வது மேகக் கணினியில் வழக்கம். ஏஜெண்டை முழுமையாக நிறுவியபின் பிம்பம் எடுத்தால், அதன் சர்டிபிகேட்டும் சேர்ந்து பிரதியாகிறது. பத்து இயந்திரங்கள் ஒரே முகத்தோடு தலைமை சர்வருக்கு முன்னால் வந்து நிற்கின்றன. பண்டங்களை மட்டும் பிம்பத்தில் வைத்து, சர்டிபிகேட்டை உண்டாக்குவதையும் பதிவதையும் ஒவ்வொரு பிரதியும் முதன்முதல் எழும்போது செய்துகொள்ளும்படி விடுவதே முறை. நிலை கூறும் ஸ்கிரிப்டுக்கு இது சிரமமில்லை. எது இல்லையோ அதை மட்டும் அது செய்யும்.

ரகசியங்களைப் பற்றி மிகுந்த கவலையோடு பேச வேண்டியிருக்கிறது. தலைமை சர்வரில் பதிவதற்கு ஏபிஐ கீ வேண்டும். ஸ்கிரிப்ட் எல்லோரும் படிக்கும் ஏடு என்று இவ்வளவு நேரம் புகழ்ந்தேன்; அதே ஏட்டில் அந்த ரகசியத்தை எழுதினால், புகழ்ந்த குணமே ஆபத்தாகிவிடுகிறது. ஆகவே அதை வெளியிலிருந்து கொடுக்கும் மாறியாக மட்டுமே ஸ்கிரிப்ட் அறிய வேண்டும். அவ்வளவில் முடிந்துவிடுவதும் இல்லை. ஸ்கிரிப்ட் மாஃப் ஆவணமாக மாறும்போது, கொடுத்த மதிப்பு அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சர்டிபிகேட்டைக் கொண்டு மறையாக்கும்படி தனியே ஏற்பாடு செய்யாவிட்டால், உருவாக்கிய இயந்திரத்தின் வட்டில் அது பச்சை எழுத்தாகவே கிடக்கும். பவர்ஷெல் ஐந்தாம் பதிப்பிலிருந்து, சர்வரைச் சென்றடைந்த ஆவணத்தைப் பொறுப்பாளி தானே மறையாக்கிவிடுகிறது என்பது பெரிய உபகாரம். ஆனால் உருவாக்கிய இடத்தில் மிஞ்சிய பிரதியை அழிப்பது நம் கடமை. அந்த கீயின் அதிகாரமும் சுருங்கியிருக்கட்டும். இயந்திரங்களைப் பதிய மட்டும் உரிமையுள்ள கணக்கின் கீ போதுமான இடத்தில், நிர்வாகியின் கீயைக் கொடுக்கும் பழக்கத்தை நான் எவ்விடத்திலும் ஆட்சேபிப்பேன்.

சோதனையை எத்தனை தடவை நடத்துவது, வித்தியாசம் கண்டால் என்ன செய்வது என்பது அடுத்தது. டிஎஸ்சியின் பொறுப்பாளிக்கு மூன்று சுபாவங்களைக் கொடுக்கலாம். ஒருமுறை அமைத்துவிட்டுச் சும்மா இருப்பது ஒன்று. அமைத்தபின் அவ்வப்போது சோதித்து, விலகல் கண்டால் பதிந்து வைப்பது மற்றொன்று. விலகலைத் தானே திருத்திவிடுவது மூன்றாவது. பிரத்தியேகமாக எதையும் சொல்லாவிட்டால் அது இரண்டாவது சுபாவத்தோடு 15 நிமிஷத்துக்கு ஒருமுறை சோதிக்கும். தானே திருத்துவதுதான் உத்தமம் என்று படித்த மாத்திரத்தில் தோன்றும். ஏஜெண்டைப் பொறுத்தவரை நான் அதை உடனே ஏற்கத் தயங்குகிறேன். ஒரு பொறியாளர் காரணத்தோடு ஏஜெண்டை நிறுத்திவைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், பொறுப்பாளி அதை ஓடவிட்டுவிடலாம். பெரிய பதிப்பு ஒன்று பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது, வேறேதோ சிறு விலகலைத் திருத்துவதற்காக ஏஜெண்டை நிறுத்தித் தொடங்கலாம். முதலில் சில வாரம் விலகல்களைப் பதிந்து மட்டும் வரச்செய்து, அவை எங்கிருந்து வருகின்றன என்று மனிதர்கள் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, திருத்தும் அதிகாரத்தை வழங்குவது விவேகம். விலகல் பலமுறை குற்றமாக இருக்காது. ஸ்கிரிப்டில் எழுத மறந்த நியாயமான தேவையாக இருக்கும்.

சோதனை எதில் கண் வைத்திருக்கிறதோ அதைத்தான் அது காணும் என்பதையும் மறக்கலாகாது. ஏஜெண்டின் ரோல்களையும் சூழல்களையும் தலைமை சர்வரின் திரையிலேயே ஒருவர் கையால் மாற்ற முடியும். சோதனை அவற்றைப் பார்க்காததாக இருந்தால் அந்த மாற்றம் மாதக்கணக்கில் விலகலாகவே தெரியாது. பிறகு ஒருநாள் சர்வீஸ் நின்றுவிட்டது என்ற வேறு காரணத்துக்காக ‘செட்’ ஓடும். ஓடும்போது எல்லா அமைப்பையும் ஏட்டில் உள்ளபடி மீண்டும் பதியும். கையால் சேர்த்த ரோல் காணாமற்போகும். கருவியை நொந்து பயனில்லை. ஏட்டையும் வைத்துக்கொண்டு, ஏட்டுக்கு வெளியேயும் மாற்றுவது என்ற இரட்டை ஆட்சி எந்த நிர்வாகத்திலும் நிலைத்ததில்லை. ஏட்டை ஏற்ற நாளிலிருந்து, திரையில் மாற்றும் உரிமையைப் பெரும்பாலோரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். முதலில் மனஸ்தாபம் வரும், வரட்டும்.

‘எங்களிடம் இருப்பது ஐந்து சர்வர், இவ்வளவு ஏற்பாடு எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நைட் காபிட்டலிடம் இருந்தவை எட்டு.

கடைசியாக, நீக்குவதைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். ஒரு சர்வரில் ஏஜெண்ட் இனி வேண்டாம் என்று முடிவானதும், ஸ்கிரிப்டிலிருந்து அந்தப் பகுதியை அழித்துவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் காரியம். அழித்ததால் ஏஜெண்ட் நீங்குவதில்லை. ஏடு அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறது, அவ்வளவுதான். போர்ட் திறந்தபடி, தலைமை சர்வரின் நம்பிக்கை தொடர்ந்தபடி, எவருடைய கணக்கிலும் வராத ஒரு நிரல் அங்கே வருஷக்கணக்கில் ஓடும். ஒன்பது வருஷம் கிடந்த ‘பவர் பெக்’கும் வேண்டாமென்று விட்டதே தவிர நீக்கியதல்ல. நீக்க வேண்டுமானால் ‘என்ஷூர்’ என்ற இடத்தில் ‘ஆப்சென்ட்’ என்று எழுத வேண்டும். இல்லாமையும் ஒரு நிலையாகையால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வரியை, அணைத்து வைத்திருக்கும் இயந்திரங்கள் உட்பட எல்லாச் சர்வர்களும் ஒருமுறையேனும் எழுந்து, சோதித்து, ‘இல்லை’ என்று அறிவிக்கும்வரை ஏட்டில் வைத்திருங்கள். அந்த அறிவிப்புகளை எண்ணிப் பார்த்து, தலைமை சர்வரின் பட்டியலிலிருந்தும் அவற்றின் பெயர்களை நீக்கிய பிறகு வரியை அழியுங்கள்.